சனிக்கிழமையைத் தின்ன பிளேன்

கோயில் கொடைக்கு வந்த பேரன் போனை நீட்டுதான். "தாத்தா, சிங்கப்பூர்லருந்து நியூயார்க்குக்கு நேரா பிளேன். ராத்திரி பதினொன்றரைக்கு ஏறுனா விடியக்காலம் ஆறு மணிக்கு எறங்கிரலாம்."

ஏலே, கோவில்பட்டியில மெட்ராஸ் பஸ் ஏறுதவன்கூட அம்புட்டு வெரசாப் போயிச் சேரமாட்டானே! எங்கயோ கை வச்சிருக்கான்னு நெனச்சேன். கடிகாரத்துலதான் வச்சிருக்கான். கோடையில ரெண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம். அதைக் கூட்டு, பதினெட்டரை மணி வருதா? இப்பம் குடுத்த பன்னெண்டையும் திரும்பி வாறப்பம் வாங்கிருவான். அங்க வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஏறுனா, சிங்கப்பூர்ல ஞாயித்துக்கிழமை விடியுத நேரம் எறங்குவே. எண்ணெ தேச்சுக் குளிக்க சனிக்கிழமையே கெடையாது.

தூரம் 15,300 கிலோமீட்டராம். பூமியில எந்த ரெண்டு ஊருக்கும் குறுக்குவழி 20,000-த்தைத் தாண்டாது. அதுல முக்காவாசியைக் குந்துன மேனிக்கே கடக்கப் போறே, கெட்டிக்காரன்தான்.

படத்துல வெரலை வச்சு நேர்கோடு இழுக்காத. பாட்டி வாங்கி வச்ச பூசணிக்காயை எடுத்துட்டு வா. காம்பு வடதுருவம். இந்தப் பக்கம் சிங்கப்பூர், அந்தப் பக்கம் நியூயார்க். நூலை இறுக்கிப் புடி. பாத்தியா, நூலு காம்புப் பக்கமா ஏறுது! அதான் குறுக்குவழி. ஆனா பைலட்டு நூலு புடிச்சுப் போற ஆளு இல்ல. வடக்க பத்து கிலோமீட்டர் ஒசரத்துல மேக்கருந்து கெழக்க ஒரு காத்து ஓடுது, சில நாளு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலயும். போறப்பம் பசிபிக் கடல் மேல சுத்தி, அது முதுகுல தள்ள, நோகாமப் போவான்.

இதே வழியில 2004-ல நாலு எஞ்சின் பிளேனை ஓட்டிப் பாத்தாங்க. எண்ணெ குடிச்ச குடியில 2013-ல நிறுத்திட்டாங்க. ரெண்டு எஞ்சின் ஏர்பஸ் வந்துதான் 2018-ல மறுபடி ஆரம்பம். டாங்கி 1,65,000 லிட்டர் புடிக்கும். அந்த எண்ணெயைத் தூக்கிட்டுப் போகவும் எண்ணெ வேணும்லா? வண்டிமாடு திங்க வைக்கோலு, அந்த வைக்கோலை இழுக்க மாடு! அதான் ஆளைக் கொறச்சு 161 சீட்டு போட்டிருக்கான். சாதா டிக்கெட்டே கெடையாது. கம்பெனிக் காசா? அப்பம் சரி.

ஓசியில குடுக்கான்னு சரக்கை ஊத்தாத. உள்ள காத்து நம்ம கரிசக்காட்டு சித்திரை மாதிரி காஞ்சு கெடக்கும், தண்ணியக் குடி. காலு வீங்கும், எந்திரிச்சு நட. எங்க நடக்கன்னா, கக்கூஸ் வரைக்கும் போயிட்டு வா. ஓட்டுதவங்களே நாலு பேரு, மொறை வச்சுத் தூங்குவாங்க. நீ என்னத்துக்கு முழிச்சுக் காவல் காக்கணும்?

நியூயார்க்குன்னு டிக்கெட்டக் குடுத்துட்டு நியூவார்க்குல எறக்குவான். அது பக்கத்து மாகாணம், நியூ ஜெர்சி. நம்ம ஊரு பஸ்ஸு பைபாஸ்ல தள்ளிவிட்டுப் போற மாதிரி. மெரண்டுறாத.

போயிச் சேந்ததும் போன் போடு. ஆனா அங்க சாயங்காலம் ஆறு மணின்னா இங்க விடியக்காலம் மூணரை. நான் அந்நேரம் முழிச்சுத்தான் கெடப்பேன். ஒங்க பாட்டி நம்பருக்கு மட்டும் அடிச்சிராத.