சக்கரத்தை வாசிக்கிறேன், தம்பி

வாசித்தால் சத்தம் வராத ஒரு வாத்தியத்தைக் காசு கொடுத்து வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, பெரிய எதிர்ப்பு கிளம்பும் என்று தயாராகத்தான் இருந்தேன். மனைவியின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"சத்தமே வராதா? ஏங்க, இதை மொதல்லயே வாங்கியிருக்கலாமே!"

நான் வாங்க நினைத்த மிடி கண்ட்ரோலர் ஒரு மேஸ்திரி. தானாக ஒரு செங்கல்லைத் தூக்காது. யார் எதை எவ்வளவு வேகமாகத் தூக்க வேண்டும் என்று மட்டும் குரல் கொடுக்கும். கட்டையை அழுத்தினால் எந்தக் கட்டை, என்ன வேகம், எப்போது விரலை எடுத்தாய் என்ற சேதி மட்டும் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடு 'ஸி'க்கு எண் 60. அந்த 60ஐ வீணையாக ஒலிப்பதா, நாய் குரைப்பாக ஒலிப்பதா என்பது கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருளின் பாடு.

மிடி என்ற இந்தப் பாஷை பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த 'நாம்' (NAMM) வாத்தியக் கண்காட்சியில், அமெரிக்க சீக்வென்ஷியல் கம்பெனியின் புராஃபெட்-600 சிந்தசைசரையும் ஜப்பானிய ரோலண்டின் ஜூபிடர்-6ஐயும் ஒரு கம்பியால் இணைத்து, இங்கே வாசித்தால் அங்கே பாடுகிறது பார் என்று காட்டினார்கள். இரண்டும் ஒரே சந்தையில் ஒரே சரக்கை விற்ற போட்டிக் கம்பெனிகள். இதற்காக சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ ககெஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி கொடுத்தார்கள். பசிபிக் சமுத்திரத்தின் இரு கரைகள் ஒத்துப்போய்விட்டன. எங்கள் குடியிருப்பில் ஏ பிளாக்கும் பி பிளாக்கும் மோட்டார் போடும் நேரத்தில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

2020இல் மிடி 2.0 வந்தது. பழைய மிடியில் விரலின் வேகத்துக்கு 127 படிகள், புதியதில் 65,536. என் விரலுக்குத் தெரிந்தவை இரண்டு: தயக்கம், கோபம். ஆகவே இந்த முன்னேற்றத்தைத் தள்ளி நின்று வாழ்த்தினேன்.

எதை வாங்குவது? என் அக்கா மகன் சவுண்ட் இன்ஜினியரிங் படித்தவன். கல்யாண வீடியோக்களுக்குப் பின்னணி இசை போடுகிறான். போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"மாமா, வாங்குனா 88 கட்டை வாங்குங்க. ஃபுல் வெயிட்டட். சின்னதெல்லாம் விளையாட்டுச் சாமான் மாமா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. கும்பகோணம் பக்கத்து நாடகங்களுக்கும் பஜனை மடங்களுக்கும் ஆயுள் பூராவும் ஆர்மோனியம் வாசித்தவர். அவருக்குக் கட்டை என்றால் சுருதிதான். ஆம்பிளைக்கு ஒரு கட்டை, பெண்குரலுக்கு ஐந்து.

"எட்டுக் கட்டையில பாடுறான்னாலே ஊர் கூடும். எண்பத்தெட்டா? அவன் எந்த நாடகக் கம்பெனிடா?"

88க்கு நான் ஆசைப்படாமல் இல்லை. ஆனால் முழு அளவு வெள்ளைக் கட்டை ஒன்று சுமார் இரண்டே கால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம். 88 கட்டையில் வெள்ளை மட்டும் 52. நாலடி நீளம் அங்கேயே போய்விடுகிறது. சக்கரங்களும் குமிழ்களும் அதற்கு அப்பால். எங்கள் இரண்டாவது படுக்கையறையில் கட்டில், பீரோ, மாமியாரின் தையல் மெஷின், யாரும் ஏறாத உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் போக மிஞ்சும் இடத்துக்குத்தான் நான் 'ஸ்டூடியோ' என்று பெயர் வைத்திருக்கிறேன். மாமியார் தையல் டேப்பை எடுத்து வந்தார். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பிடித்தார். "முப்பத்திநாலு இன்ச் இருக்கு மாப்பிள்ளை. பீரோ கதவு திறக்கணும், அதுக்கு ரெண்டு விட்டுடுங்க" என்றார். எத்தனை ஆக்டேவில் நான் சிந்திக்கலாம் என்பது அத்தோடு முடிவாகிவிட்டது. 49 கட்டை.

இருந்தாலும் கடையில் 88ஐயும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் பியானோ மாதிரி சுத்தியல் விசை. விரலுக்கு அது கொடுக்கும் எதிர்ப்பே ஒரு சுகம். சாதாரண சிந்தசைசர் கட்டையில் வெறும் ஸ்பிரிங், தொட்டால் துள்ளும். நடுவாந்தரமாக செமி வெயிட்டட் என்று ஒன்று: ஸ்பிரிங்தான், கொஞ்சம் கனம் சேர்த்திருப்பார்கள். சுத்தியல் விசையில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறவனுக்குத்தான் பியானோ கேட்கும். வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்பது டொக், டொக், டொக். அது மேஜைக் கால் வழியாகத் தரையில் இறங்கிக் கீழ் வீட்டுக்கும் போகும். அக்கா மகன் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் அம்மாள் ஒரு நாள் மாடியேறி வந்து, "ராத்திரி பதினோரு மணிக்கு என்னத்தப்பா இடிக்கிறீங்க?" என்று கேட்டாராம். ஷோப்பான் என்று அவன் சொல்லியிருக்கிறான். "காலையில இடிக்கக் கூடாதா?" என்றிருக்கிறார்.

மற்ற அலங்காரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரலால் தட்டித் தாளம் போட எட்டோ பதினாறோ பேடுகள்; அவற்றில் தீபாவளி விளக்குகள். எட்டுக் குமிழ், சில ஃபேடர். கால் பெடல் செருக ஒரு துளை. வாங்குமுன் அது இருக்கிறதா என்று பின்பக்கம் பார்த்துவிடுவது நல்லது. கூடவே இலவச மென்பொருள் கொடுப்பார்கள். அதைப் பதிவு செய்து, இறக்கி, பாஸ்வேர்டு மறந்து, திரும்ப இறக்குவதற்குள் வருகிற ராகமும் ஓடிப்போய்விடும்.

எனக்கு வேண்டியிருந்தது கட்டைகளுக்கு இடது பக்கம் ஓரமாக ஒதுங்கி நிற்கும் சக்கரம். பிட்ச் பெண்ட் என்பார்கள். எல்லாரும் கட்டையை எண்ணுகிறார்கள். நம் சங்கீதமோ கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தோடியின் காந்தாரத்தை ஒரே கட்டையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அது தோடியாக இருக்காது. காலிங் பெல்லாக இருக்கும். அசைந்தால்தான் அது காந்தாரம். இந்தக் குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தையே நிலையத்துக்குள் விடமாட்டோம் என்றது. 1971 வாக்கில்தான் தடை தளர்ந்தது. பெரியப்பா அந்த முப்பது வருஷத்தையும் தனக்கு நேர்ந்த சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டவர். இன்றும் எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது.

சக்கரம் அந்தக் குறையைத் தீர்க்கும். முன்னும் பின்னும் தள்ளினால் சுரம் ஏறி இறங்கும். வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. அதற்குள் 16,384 படிகள். மிடியின் மற்ற பெரும்பாலானவற்றை 128 படிக்குள் முடித்தவர்கள், காது சண்டைக்கு வரும் என்று தெரிந்து இதற்குத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். கீபோர்டு சத்யா என்று அறியப்படும் சத்யநாராயணன் முழுக் கச்சேரியே செய்கிறார், வலது கை கட்டையில், இடது கை சக்கரத்தில். ஏ.ஆர்.ரஹ்மான் இன்னும் ஒரு படி தாண்டி, கட்டையே பிரித்திராத கன்டினியம் பலகையில் விரலை வழுக்கி வாசிக்கிறார். அது என் பட்ஜெட்டிலிருந்தும் வழுக்கிவிட்டது.

ஆகவே கடையில் நான் பரிசோதித்தது சக்கரத்தை மட்டும். சில சின்ன மாடல்களில் அதற்குப் பதில் ஒரு ஜாய்ஸ்டிக் குச்சி இருக்கிறது. கமகம் வராது, கார் பந்தயம் வரும். சிலவற்றில் தடவுகிற பட்டை. வேர்த்த விரலுக்கு ஒத்துவராது, சென்னையில் வேர்க்காத விரல் கிடையாது. நல்ல சக்கரத்தின் விசை விரலோடு வந்து, விட்டதும் ஆட்டமில்லாமல் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தள்ளி, விட்டு, காதைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். எதிலும் மின்சாரமே இல்லை. பக்கத்தில் பையன்கள் சினிமாப் பின்னணி இசையாக வாசித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைப் பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"சார், கட்டையைத் தொடவே இல்லையே. வாசிச்சுப் பாருங்க சார்."

"வாசிச்சிட்டுத்தான் இருக்கேன் தம்பி. சக்கரத்தை."

அவன் போய் மானேஜரைக் கூட்டி வந்தான்.

49 கட்டை, செமி வெயிட்டட், கைக்கு அடக்கமான சக்கரம், 32 இன்ச்சுக்குள். வீட்டுக்கு வந்ததும் மனைவி விலை கேட்டாள். சொன்னேன். அதாவது, ஒரு விலை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். லேப்டாப்பில் வீணையை ஏற்றி, ஸ்பீக்கரைப் போட்டு, அவரை உட்கார வைத்தேன். வலது கை தானாகக் கட்டைக்குப் போனது. இடது கை பழக்கதோஷத்தில் துருத்தியைத் தேடிக் காற்றில் துழாவியது. சக்கரத்தில் போய் முட்டியது. அசைத்துப் பார்த்தார். காந்தாரம் அசைந்தது. இன்னொரு தரம். அப்புறம் நாங்கள் யாரும் அங்கே இருக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. காபி ஆறி, ஏடு கட்டி, தோடி முடிந்துதான் நிமிர்ந்தார்.

"அறுபது வருஷமா இந்தக் கை வெறும் காத்து அடிச்சிட்டிருந்துச்சுடா. என்ன வெலைடா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டு, நான் சொன்ன அந்த விலையைச் சொன்னாள்.

"அவ்வளவுதானா! அந்தப் பணத்தை இப்பவே தர்றேன், எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்துடு."

"பணமெல்லாம் எதுக்கு மாமா? அவரே வாங்கித் தருவார்" என்றாள் மனைவி. "இவ்வளவு மலிவா கிடைக்குதே, அக்கா பையனுக்கும் ஒண்ணு வாங்கிடுங்க."