டாக்டர் ஓட்டிய இன்ஜின்

ஞாயிற்றுக்கிழமை காலை காரின் பானெட்டைத் தூக்கினேன். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை படுத்திருந்தது. அதன் வயிற்றோரமாக நான்கு குட்டிகள். மூன்று சிலிண்டர் இருந்த இடம் அது. பதினான்கு மாதமாக அதை நான்காக்க நான் படாத பாடு பட்டுக்கொண்டிருக்கிறேன். பூனை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டது.

பூனை மேல் எனக்குக் கோபம் இல்லை. அது எனக்கு யோசனை எதுவும் சொல்லவில்லை. கையில் பால் பாக்கெட்டோடு வந்து நின்ற மாடி வீட்டுக்காரர்தான் சொன்னார். குட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பவே சொன்னேன் சார், எஸ்டீம் இன்ஜினைப் போட்டிருந்தா இந்நேரம் பறந்துக்கிட்டு இருப்பீங்க." அப்போது அவர் சொன்னது எஸ்டீம் இல்லை, ஜென். அதற்கு முன்னால் வேகன் ஆர். எல்லாம் தேதியோடு என் நோட்டில் இருக்கிறது.

நோட்டில் வேறு என்ன இருக்கும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களிடமும் ஒன்று இருக்கும். என்னுடையது நீல அட்டை, கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினால் மளிகைக் கணக்கு.

வண்டி 1996 மாருதி 800. கார்புரேட்டர், நான்கு கியர், 796 சி.சி., நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான குதிரைத்திறன். புகை விட்டது. மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "போர் பண்ணி பிஸ்டன், ரிங் மாத்திரலாம் சார், பத்து நாள்ல வண்டி கையில" என்றார். அங்கேயே தலையாட்டியிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்காமல், "எறக்கறதுதான் எறக்கறோம், கொஞ்சம் பெரிசாப் பார்த்துப் போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கு ஒரு பெண்ணின் கல்யாணச் செலவு பாக்கி இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எந்த இன்ஜின் என்பது இருக்கட்டும். முதலில், சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்விட்டு வரலாம்.

இந்தப் பதினான்கு மாதத்தில் அங்கே இருபத்திரண்டு இன்ஜின் பார்த்தேன். அதில் பத்தொன்பது, டாக்டர் ஓட்டியது. "டாக்டர் வண்டி சார். சிங்கிள் ஓனர். வீடு, கிளினிக், வீடு. அறுபதைத் தாண்டினதே இல்ல." முதல் தடவை கேட்டபோது நெகிழ்ந்துபோனேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு, ஹாரன்கூட அடிக்காமல் போகும் ஒரு பெரியவர் கண்முன் வந்தார். நான்காவது டாக்டரில் சந்தேகம் வந்தது. இந்த ஊரில் டாக்டர்கள் மட்டும்தான் கார் ஓட்டினார்களா? வக்கீல் ஓட்டியது எங்கே? டிக்கியில் சிமென்ட் மூட்டை ஏற்றிய காண்ட்ராக்டர் வண்டி எங்கே? ஈ.சி.ஆரில் சனிக்கிழமை ராத்திரி முறுக்கிய காலேஜ் பையனின் இன்ஜின் எங்கே போய்ச் சேருகிறது? என் பெரியப்பா ஒரு எஸ்டீம் வைத்திருந்தார். ஆயில் மாற்றுவது கம்பெனிக்காரன் பணம் பிடுங்கச் செய்யும் சூழ்ச்சி என்று நம்பியவர். அந்த வண்டியை விற்றோம். அதுவும் இங்கே ஏதோ ஒரு கடையில் ஈ.என்.டி. ஸ்பெஷலிஸ்ட்டாக உட்கார்ந்திருக்கும்.

சரி, அறுபதைத் தாண்டாத வண்டி ஏன் இங்கே வந்தது? "பின்னாடி லாரி இடிச்சிருச்சு சார். முன்னாடி ஒரு கீறல் இல்ல." எல்லா டாக்டருக்கும் பின்னாலிருந்துதான் இடி. இத்தனை டாக்டர்களைத் தேடித் தேடி இடிக்கும் லாரி ஒன்று ஊருக்குள் திரிகிறது, ஒரு பேப்பரிலும் செய்தி இல்லை. "டாக்டருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஒரு கடையில் அக்கறையோடு கேட்டேன். அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. கடைக்காரர் கொஞ்சம் திணறி, "நல்லா இருக்காரு, அமெரிக்கா போயிட்டாரு" என்றார்.

அதன் பிறகு நானும் துருவ ஆரம்பித்தேன். "என்ன டாக்டர்?" எலும்பு டாக்டர் என்றால் பள்ளம் மேடு பார்த்து ஓட்டியிருப்பார். பல் டாக்டர் என்றால் கியர் பல் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. இதய டாக்டர் சிக்கல், அவசரம் நிறைந்த தொழில். பிரசவ டாக்டர் வேண்டவே வேண்டாம். இன்ஜின் அதிகம் தேய்வது குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பி, ஆயில் மேலே ஏறிப் பரவும் முன்பே முறுக்கும்போதுதான். பிரசவ டாக்டரை அதிகாலை மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள், அவர் சூடேறட்டும் என்று காத்திருப்பாரா? இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் தேறியது தோல் டாக்டர். ராத்திரியில் எழுப்ப மாட்டார்கள், தேமல் காலைவரை பொறுக்கும். நோட்டில் சி.சி., குதிரைத்திறன், விலை என்று மூன்று பத்திதான் போட்டிருந்தேன். நான்காவதாக 'துறை' என்று ஒரு கோடு இழுத்தேன். கால்நடை டாக்டரை எங்கே சேர்ப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். ஊர் ஊராகச் சுற்றுபவர், மண் ரோடு, ஏர் ஃபில்டரில் புழுதி. இன்றுவரை முடிவாகவில்லை. ஒரு கடையில் துணிந்து, "கம்ப்ரெஷன் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "டாக்டர் வண்டிக்கே செக்கப்பா சார்?" என்றார் கடைக்காரர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

இன்ஜின்களைப் பற்றியும் சொல்ல வேண்டும் அல்லவா. ஜென்னுடையது 993 சி.சி., அலுமினியம், நான்கு சிலிண்டர், 50 குதிரை. இத்தனை பாடும் பத்துச் சொச்சம் குதிரைக்கா என்று மனசு கேட்கும். பிற்கால எஸ்டீமின் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் 1298 சி.சி., 85 குதிரை. 650 கிலோ வண்டியில் 85! இங்கேதான் நாமெல்லாம் விழுகிறோம். மூன்று சிலிண்டருக்குக் கட்டிய அறையில் நான்கு சிலிண்டர் குறுக்கே உட்காராது. "லேசா வெட்டணும் சார்" என்றார் அண்ணன். இந்த லேசாவுக்குள் மவுண்ட் அடங்கும், ரேடியேட்டரை நகர்த்துவது அடங்கும், டிரைவ் ஷாஃப்ட் அடங்கும். கார்புரேட்டர் வண்டியின் பம்ப் இன்ஜெக்டருக்கு வேண்டிய அழுத்தத்தைத் தராது, அதனால் பெட்ரோல் டேங்க்கும் அடங்கும். வயரிங் முழுசாக அடங்கும். பிரேக்கைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. பறப்பதைப் பற்றிச் சொன்ன மாடி வீட்டுக்காரர் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஸ்விஃப்ட் இன்ஜினும் பார்த்தேன். அதில் சாவிக்கும் இன்ஜினை ஆளும் எலெக்ட்ரானிக் பெட்டிக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டு, ஜோடி பிரிந்தால் கிளம்பாது. "சாவி எங்கேப்பா?" என்றேன். "டாக்டர்கிட்ட இருக்கும் சார்." அமெரிக்காவில்.

ஆர்.சி. விவகாரம் தனி. பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என் வண்டிக்கும் அந்தக் கெடு உண்டு. ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது, சி.சி. இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஃபியட் 124 உடம்பில் நிஸ்ஸான் இன்ஜினை வைத்து பிரீமியர் 118 என்.இ. என்று கம்பெனி விற்றால் புது மாடல், கான்டெஸாவில் இசுஸுவை வைத்தால் முன்னேற்றம், நான் செய்தால் குற்றமா என்று நண்பர்களிடம் கத்தினேன். தனியாக இருக்கும்போது யோசித்தால் சட்டம் சரிதான். 85 குதிரையை வெட்டி ஒட்டி, 12 அங்குலச் சக்கரத்தில் எதிரே ஒருவன் வருகிறான் என்றால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கோயம்புத்தூரில் பந்தய வீரர் கரிவரதன் இதே 796 சி.சி. மூன்று சிலிண்டரை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் கார் செய்தார். பந்தயத்துக்குப் போதுமாக இருந்த இன்ஜின், மவுண்ட் ரோட்டில் இருபதில் ஊர்கிற எனக்குப் போதவில்லை.

என் வண்டியிலிருந்து இறக்கிய அந்த இன்ஜின் மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. போன வாரம் நான் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞர் வந்தார். கையில் நோட்டு. அண்ணன் தார்ப்பாயை விலக்கி, என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டர் வண்டி தம்பி. சிங்கிள் ஓனர். வீடு, கிளினிக், வீடு" என்றார். நான் பேங்க்கில் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆனவன். இளைஞர் என் பக்கம் திரும்பி, "சார்தான் டாக்டரா? என்ன டாக்டர் சார்?" என்றார்.

"தோல்" என்றேன்.

ஆனால் விலை படியவில்லை. அவர் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

குட்டிகள் கண் திறக்க ஒன்றிரண்டு வாரம் ஆகுமாம். வீட்டில் ஒரு பழைய வீல் கப்பைக் கழுவித் தாய்ப்பூனைக்குப் பால் ஊற்றி வைத்திருக்கிறார்கள். பானெட்டைச் சத்தமாக மூடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அதுவரை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. குட்டிகள் பால் மறந்ததும், வளர்க்க விருப்பமுள்ளவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று புள்ளி. பணம் வேண்டாம். வருகிறவர்கள் எந்த இன்ஜின் போடலாம் என்று மட்டும் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.