மச்சக்காரி

ஏலே பேராண்டி, வா. திண்ணையில உக்காரு. என் கொள்ளுப்பேத்திய இங்கிட்டுக் குடு. அட, கன்னத்துல செவப்புப் பொட்டு வச்சுக்கிட்டுல்லா வந்திருக்கா! நீ ஏம்லே வட்டிக்காரனக் கண்டவன் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? கையில என்னது, சுண்ணாம்பு டப்பாவா? ஒங்க அத்தை குடுத்து விட்டாளா? சரி சரி, ஓரமா வையி. பெறவு பேசுவோம்.

மொதல்ல வழக்க விசாரிப்போம். தெருவுல தீர்ப்பே சொல்லியாச்சுன்னு கேள்விப்பட்டேன். கிரகணத்தன்னைக்கு ஒம் பொண்டாட்டி அருவாமனையில உக்காந்து வெண்டிக்கா நறுக்குனா, அதான் பிள்ளைக்குத் தடம் விழுந்துட்டு. அப்பிடித்தான? நல்ல தீர்ப்பு. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி நிக்கி. அது அங்கன இருந்து நம்ம தெருவத் தேடி, ஒன் வீட்டு அடுப்படியத் தேடி, வகுத்துப் பிள்ளையோட வலது கன்னத்தக் குறி பாத்து அடிச்சிருக்கு. கெட்டிக்காரக் கிரகணம்தான். ஒங்கம்மா ஒன்னயச் சொமக்கையில கிரகணத்துக்கு நடுவுல முருங்கைக்கா நறுக்கி சாம்பார் வச்சா. நாந்தான் ரெண்டு தடவ ஊத்தித் தின்னேன். ஒன் ஒடம்புல ஒரு புள்ளி உண்டா? பெத்தவ ஏற்கெனவே பாதி ராத்திரி முழிச்சுக் கெடக்கா, அவ தலையில இந்தப் பழியும் எதுக்குலே?

நான் பெரியாஸ்பத்திரி தோல் வார்டுல 30 வருஷம் களிம்பு கிண்டுனவன். அங்க கத்துக்கிட்டது ஒண்ணு: நம்ம சனத்துக்கு எல்லாமே ‘மச்சம்’. கறுப்பா இருந்தாலும் மச்சம், செவப்பா இருந்தாலும் மச்சம், நீலமா இருந்தாலும் மச்சம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரே பேரு வச்சுட்டு, ஏன் பால் கொறையுதுன்னு கேட்ட கதை. ஆனா பிறவிக்கறைய ரெண்டு சாதியாப் பிரிக்கணும். தோலுக்கு நெறம் குடுக்குத செல்லு கூடிப்போனா பழுப்பு, கறுப்பு, நீலம். ரத்தக்குழாய் கூடிப்போனா, இல்ல விரிஞ்சு போனா, செவப்பு.

ஒங்கம்மா ஆஸ்பத்திரியில நர்சம்மாகிட்ட சண்டைக்குப் போனாளாமே, ‘பிள்ளை இடுப்புக்குக் கீழ கன்னிப்போயிருக்கு, எவ கிள்ளுனா’ன்னு? அந்தப் பாவப்பட்ட நர்சு எத்தன மாமியாருக்குத்தான் பதில் சொல்லுவா! அது கிள்ளுனதுமில்ல, அடிச்சதுமில்ல. நெறச் செல்லு மேல் தோலுக்கு ஏறி வாரப்ப, வழியிலயே ஆழத்துல தங்கிட்டா இப்பிடி நீலமாத் தெரியும். 1885-ல ஜப்பானுல வேல பாத்த ஒரு ஜெர்மன் டாக்டரு அதுக்கு ‘மங்கோலியப் புள்ளி’ன்னு பேரு வச்சாரு. மங்கோலியாவுக்கும் நம்ம கோவில்பட்டிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காத, நம்ம நெறத்துப் பிள்ளைகள்ல ஏகப்பட்டதுக்கு அது உண்டு. பள்ளிக்கூடம் போவும் முன்னாடி பெரும்பாலும் மங்கிரும். மருந்து? ஒரு மண்ணும் வேண்டாம். நர்சம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டா போதும்.

பெடரியில லேசாச் செவந்து கெடக்கே, அதுவும் சும்மா. வெள்ளக்காரன் அதக் ‘கொக்குக் கொத்துன தடம்’ம்பான். கொக்குதான் பிள்ளையக் கொண்டாந்து போடுதாம். பாத்தியா, கிரகணத்துக்கு நாம மட்டும் ஒத்தையில்ல.

இப்ப கன்னத்துக்கு வாரேன். பொறக்கையில இருந்துச்சா? இல்ல. மூணாவது வாரம் கொசுக்கடி மாதிரி வந்து, இப்ப 45 நாளுல கோவைப்பழம் மாதிரிப் பொடச்சிருக்கு. இதுக்கு ஹீமாஞ்சியோமான்னு பேரு. ரத்தக்குழாய்ச் செல்லு அவசரப்பட்டுப் பெருகுத கட்டி. புத்துநோய் இல்ல, பயப்படாத. பொட்டப்பிள்ளைகளுக்கும் கொறமாசப் பிள்ளைகளுக்கும் கூடுதலா வரும். இதோட ஓட்டம் இருக்கே, அஞ்சு, ஆறு, ஏழு வாரத்துலதான் தலைதெறிக்க ஓடும். அஞ்சு மாசத்துல பெரும்பாலும் வளந்து முடிஞ்சிரும். ஒரு வயசு வாக்குல மெதுவா வத்தத் தொடங்கும், நாலு வயசுக்குள்ள சுருங்க வேண்டியது சுருங்கிரும். சிலதுக்குத் தொளதொளன்னு தோலும் வெளிறுன தடமும் மிஞ்சும்.

‘அப்போ சும்மா இருக்கலாம் தாத்தா’ன்னு எந்திரிக்காத, உக்காரு. முதுகுலயோ கையிலயோ ஒரு பொட்டு இருந்தா நானே சும்மா இருலேன்னு அனுப்பிருப்பேன். இது கண்ணு ரப்பைக்கு ரெண்டு வெரக்கடை கீழ நிக்கி. நாளைக்கு ரப்பைய மூடுனா பிள்ளைக்குப் பார்வை படியாது. உதட்டுல வந்தாலும், துணி கட்டுத எடத்துல வந்தாலும் புண்ணாப் போவும். தாடைப் பக்கம் வந்து மூச்சு கரகரன்னா ஒரு நாளும் பொறுக்கக்கூடாது. ஒடம்புல அஞ்சும் அதுக்கு மேலயும் இருந்தா வயித்துக்கு ஸ்கேன் எடுப்பாக, ஈரல்ல இருக்கான்னு பாக்க.

மருந்து வந்த கதை கேளு, சுவாரஸ்யம். 2008-ல பிரான்சுல போர்டோன்னு ஒரு ஊரு. அங்க ஒரு பிள்ளைக்கு இந்தக் கட்டியும் இருந்துச்சு, நெஞ்சுக் கோளாறும் இருந்துச்சு. நெஞ்சுக்குன்னு ப்ரோப்ரனலால் குடுத்தாக. மறுநாளே கட்டி நெறம் மாறி இளகிட்டு. ஒண்ணுக்குக் குடுத்தது இன்னொண்ணுக்குப் பலிச்சுட்டு. இன்னைக்கு அதான் மொத மருந்து. சின்னதா மேலோட்டமா இருந்தா, கண்ணழுத்த நோய்க்கு விடுத டிமோலால் சொட்டத் தோல் மேல தடவச் சொல்லுவாக. ஆனா ஒன் புத்தி எனக்குத் தெரியும்லே! ‘தாத்தா மாத்திரையும் நெஞ்சு மாத்திரைதான’ன்னு என் டப்பாவத் தொறந்து பொடிச்சுக் கலக்கிராத. பிள்ளையோட எடைக்குக் கணக்குப் போட்டு டாக்டருதான் குடுக்கணும். வெறும் வயித்துல குடுத்தா ரத்தத்துல சர்க்கரை எறங்கிரும். பாலக் குடுத்துட்டுத்தான் மருந்து. பிள்ளை வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காட்டாலோ, அன்னைக்கு நிப்பாட்டிட்டு டாக்டரக் கேளு. ஆறு மாசம், சில சமயம் ஒரு வருஷம் ஓடும். ரெண்டு நாளுல முடிக்க இது என்ன தலைவலியா?

இன்னொரு செவப்பு இருக்கு, அதுலதான் நம்ம சனம் ஏமாறுது. மேல தெரு வாத்தியாருக்குப் பாதி மூஞ்சி செவப்பாத்தான இருக்கு, ‘வளர வளர மறையும்’னு அவரு அப்பத்தா சொன்னா. அப்பத்தா மறைஞ்சா, செவப்பு மறையல; நாப்பது வயசுல தடிச்சு முண்டும் முடிச்சுமா நிக்கி. அது ஒயின் கறை. பொறக்கும்போதே தட்டையா இருக்கும், கூடவே வளரும், ஒரு நாளும் தானாப் போவாது. ஆயிரம் பிள்ளைக்கு மூணு பேருக்கு வரும். 2013-ல காரணத்தக் கண்டுபிடிச்சாக: கருவுல ஒரு செல்லுல ஒரு மரபணு பெசகிருது. அப்பன் வழியுமில்ல, ஆத்தா வழியுமில்ல, அருவாமனையுமில்ல. நெத்தியிலயோ கண்ணு ரப்பையிலயோ இருந்தா கண்ணழுத்தமும் வலிப்பும் உண்டான்னு பாத்தே ஆவணும். ரஷ்யாவுல தலைவரா இருந்த கோர்பச்சேவ் நெத்தியில இருந்துச்சே, அந்தக் கறைதான். மொதல்ல அவரு அரசாங்கப் போட்டோவுல அத அழிச்சு அச்சடிச்சாக. அவரு தன் நெத்தியில கைய வைக்கல.

கைய வைக்கணும்னா லேசர் இருக்கு. 595 நானோமீட்டர் வெளிச்சம், ரத்தச் செவப்பு அத உறிஞ்சும், சூடாகிக் குழாய் மட்டும் கருவும். 1983-ல ரெண்டு அமெரிக்க டாக்டருமாரு வகுத்த கணக்கு. எளம்பிள்ளையிலயே தொடங்குனா பலன் கூட. பல தடவ போவணும், முழுசா அழிஞ்சிரும்னு எவனாவது சத்தியம் பண்ணுனா செருப்பத் தேடு. நம்ம மாநிறத் தோலும் அந்த வெளிச்சத்த உறிஞ்சும், அதனால கருப்புத் தோலுல பழகுன கைகிட்டத்தான் குடுக்கணும். பியூட்டி பார்லர் பக்கம் போயிராத.

இனி பழுப்பு, கறுப்புக்கு வாரேன். பால்காப்பி நெறத்துத் திட்டு ஒண்ணு ரெண்டு இருந்தா சும்மா விடு. 5 மில்லிமீட்டருக்கு மேல ஆறும் கூடவும் இருந்தா நரம்பு டாக்டரப் பாரு. மயிரு மொளைச்ச பெரிய கரும்மச்சம், வளந்தா சாண் அகலம் வரும்னு தோணுதது, அதுல பின்னால புத்து வர வாய்ப்பு உண்டு, விடாமப் பாத்து வரணும். எடுக்கணும்னா பக்கத்துத் தோலுக்கடியில பலூன வச்சு ஊதி வளத்து, அத இழுத்துத் தைப்பாக. பாக்கி பொடி மச்சமெல்லாம் ராசி. எனக்கு உள்ளங்கையில மச்சம், ராஜாவாவன்னான் சோசியக்காரன். ராஜா பஞ்சாயத்துக் குழாயில கொடத்தோட நிக்கான். பள்ளிக்கூடத்து டிசியில அங்க அடையாளம் எழுதத்தான் ஆச்சு.

இப்ப ஒங்க அத்தை வைத்தியம். சுண்ணாம்பு தடவுவா, சேராங்கொட்டை வைப்பா. மச்சம் போவும், தோலும் சேந்து போவும், தழும்பு மட்டும் ஆயுசுக்கும் நிக்கும். வண்ணான் துணிக்குக் குறி போட்ட கொட்டைய 45 நாள் பிள்ளை கன்னத்துலயா போடுவீக?

காலையில ஆறு மணி பஸ்ஸுக்குக் கெளம்பு. பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்கும் கண்ணு டாக்டருக்கும் சேத்துக் காட்டு. போகு முன்னால ஒரு ரூவாக் காசக் கன்னத்துப் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடு, வாரா வாரம் எடு, வளத்தி தெரியும். நடுவுல ரத்தம் கசிஞ்சா சுத்தமான துணிய வச்சு பத்து நிமிசம் அமுக்கிப் பிடி, மஞ்சப்பொடியத் தேடி ஓடாத.

அந்தச் சுண்ணாம்பு டப்பாவ இங்கிட்டுக் குடு. என் வெத்தலைக்கு ஆவும்.