துண்டு போட்ட இடத்தில் முளைத்த எச்.டி.

எச்.டி. டிவி என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் புள்ளி, கோடு, அங்குலம் என்று அரைமணி நேரம் பாடம் எடுப்பார். அமெரிக்காவுக்கு அதைக் கொண்டுவந்தது வாக்கிடாக்கி என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

1980களின் நடுவில் அமெரிக்காவில் பல யு.எச்.எஃப். டிவி சேனல்கள் காலியாகக் கிடந்தன. போலீஸ், ஆம்புலன்ஸ், சரக்கு வண்டிக்காரர்கள் எல்லாரும் தங்கள் ரேடியோக்களுக்கு அந்த இடத்தைக் கேட்டார்கள். ரேடியோ விற்கும் மோட்டோரோலா பின்னால் நின்று தலையாட்டியது. அலைவரிசைகளைப் பங்கிடும் எஃப்.சி.சி. ஆணையமும் கொடுக்கிற மனசோடுதான் இருந்தது. டிவி நிலைய முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. காலி சீட்டானாலும் நம்ம சீட் அல்லவா? பஸ் ஜன்னல் வழியே துண்டு போடுகிற மாதிரி எதையாவது போட்டாக வேண்டும். அகப்பட்டது ஜப்பான் துண்டு.

1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அடுத்த தலைமுறை டிவிக்கான ஆராய்ச்சியில் இறங்கியிருந்தது. அமெரிக்கப் படத்தில் 525 கோடுகள், இதில் 1,125. திரையும் சினிமா மாதிரி அகலம். 1987 ஜனவரியில் நிலைய முதலாளிகள் அதை வாஷிங்டனுக்கு வரவழைத்துப் பெரிய மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இவ்வளவு அழகைக் காட்டக் கூடுதல் இடம் வேண்டாமா என்று கண்ணைக் கசக்கினார்கள். வாக்கிடாக்கிக் கோரிக்கை கிடப்புக்குப் போனது.

வினை அங்கேதான் பிடித்தது. அரசாங்கம் அதை நிஜமாகவே நம்பிவிட்டது! எஃப்.சி.சி.யின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் வைலி தலைமையில் குழு அமைத்து, எங்கே அந்த டிவி என்று கேட்க ஆரம்பித்தது. 1990 ஜூனில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி முழுக்க டிஜிட்டலான முறையோடு வந்து நின்றது. சூட்சுமம் இதுதான்: செய்தி வாசிப்பவர் பின்னாலிருக்கும் சுவர் அசைவதில்லை, அதை நொடிக்கு 30 தடவை அனுப்புவானேன்? உதடு அசைந்தால் உதட்டை மட்டும் அனுப்பு. நொடிக்கு 100 கோடி பிட் கேட்கும் படம் 2 கோடிக்குள் சுருண்டு, பழைய 6 மெகாஹெர்ட்ஸ் இடத்திலேயே உட்கார்ந்தது. கால் நூற்றாண்டு உழைத்த ஜப்பானின் அனலாக் முறை ஓரங்கட்டப்பட்டது.

1997இல் இந்த டிஜிட்டல் டிவிக்காக ஒவ்வொரு நிலையத்துக்கும் அரசு இன்னொரு சேனல் கொடுத்தது, அதுவும் இலவசமாக. கைக்கு வந்ததும் சில முதலாளிகளுக்கு வேறு யோசனை: அதே இடத்தில் சாதாரணப் படம் நாலைந்து ஓட்டினால் விளம்பரமும் நாலைந்தல்லவா? அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பல்லைக் கடித்தது. 1998 அக்டோபர் 29இல், 77 வயது விண்வெளி வீரர் ஜான் கிளென் விண்ணுக்குக் கிளம்பியதை எச்.டி.யில் காட்டினார்கள். பார்க்கத்தான் வீடுகளில் எச்.டி. டிவி அநேகமாக இல்லை.

2009 ஜூன் 12இல் அனலாக் அணைந்தது. 52 முதல் 69 வரையிலான சேனல்களை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அதில் ஒரு பங்கு போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும்தான் போனது. இன்னொரு பெரும்பங்கு முந்தைய ஆண்டே ஏலத்தில் 1,900 கோடி டாலருக்கு மேல் விலைபோயிருந்தது. சும்மா வாங்கிய சரக்கின் சந்தை விலை அந்த ஏலத்தில்தான் ஊருக்கே தெரிந்தது.