வேலவனுக்கு ஒரு பிரிண்டர்

பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் என் பாட்டனார் பூஜைக்கு வைத்திருந்த முருகன் படம், கோவில்பட்டி கொண்டையராஜுவின் (1898–1976) கைவண்ணத்தில் பிறந்து, சிவகாசியில் அச்சேறி, கடல் கடந்து வந்த காலண்டர் படமாகும். அதற்கு வாரிசு யார் என்ற வியாஜ்யம் குடும்பத்தில் மூண்டபோது, ஆளுக்கொரு கலர் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுவதென்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பிரிண்டர் வாங்கும் பாரம், பென்ஷன் வாங்குகிறவன் என்ற ஒரே யோக்கியதையினால், என் தலையில் விழுந்தது.

கோலாலம்பூர்க் கடையொன்றில் விற்பனைத் தம்பி, நிமிஷத்துக்கு இத்தனை பக்கமென்று வேகத்தையே வர்ணித்தான். மயிலேறி உலகைச் சுற்றியவன்தான் முருகன். ஆயினும் பிரதியாவதில் அவனுக்கென்ன அவசரம்? சூட்டினால் தூளை ஒட்டவைக்கும் லேசர் எழுத்துக்கு உத்தமம். கன்னத்துச் செம்மை கழுத்தில் மெல்லக் கரைவதைக் காட்ட மை தெளிக்கும் இங்க்ஜெட்தான் வேண்டும். அதிலும் நாலு மையோடு இளநீலமும் இளஞ்சிவப்பும் சேர்ந்த ஆறு மை விசேஷம். காகிதத்தில் ஊறும் சாய மை பளபளக்கும், ஆனால் வெளிச்சத்தில் விரைவில் வெளிறும். மேலே படியும் நிறமி மை நெடுங்காலம் நிற்கும். விலை விசாரித்தேன். யானையை மலிவாய்க் கொடுத்து அங்குசத்தில் லாபம் பார்க்கும் வியாபாரம் அது. அசல் மையின் விலை கேட்டபின், மொத்தமாக மை ஊற்றிக்கொள்ளும் தொட்டி வைத்த இனத்தையே வரித்தேன்.

காலண்டர் படமோ பொடிப்பொடிப் புள்ளிகளால் ஆனது. ஸ்கேனரின் நுண்கட்டங்கள் அப்புள்ளிகளோடு மோதியதில் திருமேனியெங்கும் அலையலையாகக் கோடுகள் நெளிந்தன. புள்ளி நீக்கும் வசதியை முடுக்கிய பிறகே சுவாமி தெளிந்தார். ஒளியால் நிறம் காட்டும் திரையில் ஜொலித்தவர், மையால் நிறம் காட்டும் காகிதத்தில் சற்றே மங்கினார்.

"அண்ணே, முருகனுக்கு மஞ்சக்காமாலையா?" என்றாள் தங்கை. வள்ளியின் சேலை பச்சையா நீலமா என்று சித்தப்பா தனிவழக்குத் தொடுத்தார். 1894-இல் பம்பாயில் வண்ண அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவுக்கு நிறத்துக்கொரு கல் தேவைப்பட்டதாம். எங்கள் வீட்டிலோ நிறத்துக்கொரு கட்சி. கொண்டையராஜு தீட்டிய நிறத்துக்குப் பிரதி எடுப்பதா, சிவகாசி அச்சிட்ட நிறத்துக்கா, கற்பூரப் புகை குடித்துப் பழுத்த நிறத்துக்கா என்று நான் கேட்டதற்கு ஒருவரும் விடை சொல்லாமல், கனத்த மேட் காகிதத்தில் வந்த பிரதிகளைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

விஷயம் அத்துடன் முடியவில்லை. சும்மா வைத்திருந்தால் மை உலர்ந்து நுண்துளைகள் அடைத்துக்கொள்ளுமாதலால், வாரந்தோறும் எதையேனும் அச்சடித்தாக வேண்டும்; அடித்த சாமி படத்தைக் குப்பையில் போடத் துணிபவர் எவர்? தெலுக் பங்லிமா காராங் முதல் மோரிப் வரை, உறவினர் வீட்டுச் சுவர்களெல்லாம் நிறைந்துவிட்டன. இப்பொழுது பந்திங் சந்தையில் என் கையில் காகிதச் சுருளைக் கண்டவர்கள், முருகனை வேண்டாமென்று சொல்லவும் மாட்டாத தர்மசங்கடத்தினால், அடுத்த சந்து வழியே வெகு மரியாதையாக நழுவிவிடுகிறார்கள்.