பாடி எர்த் இயல்: தன் கையால் மாட்டிய கார் ஊஃபரின் மௌனமும் முனகலும் குறித்த ஆய்வு

யானைக்கு நோய் வந்தால் புரட்டிப் பார்க்கக் கஜ சாஸ்திரம் இருக்கிறது. குதிரைக்கு அசுவ சாஸ்திரம் இருக்கிறது. இரண்டையும் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் படங்களோடு அச்சிட்டே வெளியிட்டிருக்கிறது. ஆனால் பழைய ஆல்டோ ஒன்றின் டிக்கியில் பன்னிரண்டு அங்குல ஊஃபரை ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே மாட்டிவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் அது வாய் திறக்காமல் கிடப்பதைப் பார்த்து நிற்பவனுக்கு ஒரு சுவடியும் இல்லை. வாகனம் மாறிப் பல தலைமுறை ஆகியும் ஏடு எழுதுவோர் இப்பக்கம் திரும்பாதது வியப்பே. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

எல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். கடையில் கூலி கொடுத்து மாட்டியவர்கள் இதில் சேரார். அவர்களுக்குச் சண்டை போட ஆள் இருக்கிறது. சண்டை வேறு துறை. கார் ஆம்பை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் ஓட்டுவோரும் சேரார். அது தனிக்கிளை மரபு. அந்த எஸ்எம்பிஎஸ் பெட்டியின் முதுகில் ஒட்டிய சீட்டில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் படிக்காமல், ஊஃபர் உதைக்கும்போதெல்லாம் பெட்டி ஏன் அணைகிறது என்று ஆண்டுக்கணக்கில் விவாதிப்பவர்கள் அவர்கள். எஞ்சியவர்களே நமக்குரியோர்: ரிச்சி தெருவிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ சாமான் வாங்கி, ஒயரிங் கிட்டைப் பேரம் பேசி, பின்சீட்டைக் கழற்றி வாசலில் போட்டவர்கள். இவர்களை இக்கட்டுரை 'தன்கையர்' என்று சுட்டும்.

தன்கையர் தனித்து இயங்குவதில்லை. களத்தில் மூவர் இருப்பர். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடப்பவர் வண்டிக்காரர். செல்போன் டார்ச் பிடிப்பவர் இரண்டாமவர். அந்த வெளிச்சம் வேலை நடக்கும் இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் விழும், குறிப்பாக வண்டிக்காரரின் கண்ணில். மூன்றாமவர் குனியாதவர். காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்தபடி, "மாப்ள, ஆம்ப் போயிருச்சுடா" என்று தீர்ப்புச் சொல்வது அவர் பொறுப்பு. திண்ணையிலிருந்து நான்காவது குரல் ஒன்றும் எழும்: "நல்லா ஓடிட்டிருந்த வண்டி." இது தந்தையுடையது. இதற்கு விடையிறுக்கும் முறை எந்த நூலிலும் கிடைக்கவில்லை.

மூன்றாமவரின் தீர்ப்பில்தான் நம் ஆய்வுக்கான திறவுகோல் இருக்கிறது. ஏன் ஆம்ப்? அதுதான் இருப்பதிலேயே விலை கூடியது. தன்கையரின் ஐயம் பொருளின் விலைக்கு நேர்விகிதத்தில் ஓடுகிறது: முதலில் ஆம்ப், அடுத்து ஊஃபர், அடுத்து ஸ்டீரியோ, பிறகு பேட்டரி. பழுதோ விலைக்கு எதிர்விகிதத்தில் குடியிருக்கிறது: ஃப்யூஸ், வாஷர், பிரிந்து நிற்கும் ஒரு செப்பு இழை, திருகுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பெயின்ட். இதை நூற்பாவாக்கினால்,

விலைமிகு பொருள்மேல் ஐயம் மிகுமே;
விலையில் பொருளில் பழுது மிகுமே

என்று வரும். 'விலையில் பொருள்' என்றது, கிட்டோடு சும்மா கொடுத்த வளையம், திருகு முதலியவற்றை. 'மிகுமே' என இருமுறை கூறியது, தன்கையர் ஒருமுறை சொன்னால் நம்பார் என்பதனால்.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதில் தீர்க்கும் வழி கடைசியில்தான் வரும். தன்கையர் அதை முதலிலேயே வாங்கிவிடுகிறார். பெரும்பாலும் கெப்பாசிட்டர் வடிவில். உருளையான பெரிய ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர், நெற்றியில் நீல எழுத்தில் வோல்ட் காட்டுவது. வண்டி ஓடும்போது பதினான்கை ஒட்டி நிற்க வேண்டிய எண், பாட்டு உதைக்கும்போது பத்துக்குக் கீழே சரிகிறது. நோய் தன் பெயரை எழுதியே காட்டுகிறது. தன்கையர் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்.

இனி நோய்களுக்கு வருவோம். மௌனம் இருவகை: விளக்கு எரியாத மௌனம், விளக்கு எரியும் மௌனம்.

விளக்கே எரியாவிட்டால் ஆம்புக்கு வரவேண்டிய மூன்றில் ஒன்று வரவில்லை: பவர், எர்த், ரிமோட். இவற்றில் ரிமோட் ஒயர் பரிதாபத்துக்குரியது. ஸ்டீரியோவின் முதுகிலிருந்து வரும், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட மெல்லிய ஒயர். பாட்டு எதையும் அது சுமப்பதில்லை. ஸ்டீரியோ விழித்ததும் ஆம்பையும் எழுப்பிவிட 12 வோல்ட் அனுப்புவதோடு சரி. மெலிந்திருப்பதால் யாரும் மதிப்பதில்லை, டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுகிறார்கள். சிலர் இதைத் தேடிச் சலித்து, ஆம்பிலேயே பவர் முனையிலிருந்து ரிமோட் முனைக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிடுவர். ஆம்ப் உடனே எரியும், கைதட்டல் கேட்கும். ஆனால் அந்த ஆம்ப் இனித் தூங்காது. சும்மா இருக்கும்போது ஓர் ஆம்பியர் இழுத்தாலும், சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் வற்றிவிடும். சாவி திருப்பினால் 'கிட் கிட்' என்று மட்டும் கேட்கும் காலையில் பேட்டரி போய்விட்டது என்று முடிவாகிப் புதுப் பேட்டரி வருகிறது. நூற்பாவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எர்த்துக்குத்தான் இக்கட்டுரையின் பெரும்பகுதியைக் கொடுக்க எண்ணம். 1845-இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்து மாணவர் குஸ்தாவ் கிர்க்காஃப் ஓர் உண்மையை நிறுவினார்: ஒரு புள்ளிக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ, அவ்வளவும் வெளியே வந்தாக வேண்டும். சிவப்பு ஒயர் வழியாக ஆம்புக்குள் முப்பது ஆம்பியர் போனால், கறுப்பு ஒயர் வழியாக முப்பதும் திரும்ப வேண்டும். தன்கையர் கிர்க்காஃபை ஏற்பதில்லை. சிவப்பு ஒயரை விரல் பருமனில் வாங்குகிறார். கறுப்புக்கு வீட்டில் கிடந்த மிச்ச ஒயர். போதாக்குறைக்கு, சில கிட்டுகளில் வரும் சிவப்பு ஒயரே அலுமினியத்துக்குச் செப்புப் பூச்சு. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் அறுபது விழுக்காட்டை ஒட்டித்தான். பருமன் பெரும்பாலும் ரப்பரில் இருக்கிறது.

பேட்டரிக்குத் திரும்பும் வழி வண்டியின் தகரமே; கறுப்பு ஒயர் அதில் போய்ச் சேரும் இடம் இன்னும் சுவையானது. டிக்கியில் கைக்கு எட்டிய திருகு ஒன்றைத் தளர்த்தி, வளையத்தைச் சொருகி, முறுக்கிவிடுவர். திருகுக்கு அடியில் கம்பெனி பெயின்ட் பளபளவென்று இருக்கும். பெயின்ட்டின் தொழிலே தகரத்தை வெளியுலகிலிருந்து பிரித்து வைப்பது. அது தன் கடமையைச் செய்கிறது. திருகின் மரை வழியே கொஞ்சம் மின்சாரம் கசிவதால் விளக்கு எரிகிறது, மெல்லிய பாட்டும் வருகிறது. அந்த இணைப்பில் பத்தில் ஒரு ஓம் தடை இருக்கிறதென்று வையுங்கள். முப்பது ஆம்பியர் ஓடும் நொடியில் மூன்று வோல்ட் அங்கேயே போய்விடும். பேட்டரியின் 12.6 வோல்ட்டில் 9.6 மிஞ்சும், ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள மூடிக்கொள்ளும். மெல்லப் பாடினால் பாடுகிறது, உரக்க வைத்தால் செத்துவிடுகிறது என்ற புகழ்பெற்ற முறையீட்டின் கணக்கு இவ்வளவே. இந்தப் பெருக்கலுக்கு வழி செய்த ஓமின் விதி 1827-இல் நூலாக வந்தபோது ஜெர்மனியிலேயே யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நம் டிக்கிகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

மருந்து உப்புத்தாள். திருகைக் கழற்றி, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, சிவப்பு ஒயர் அளவே பருமனுள்ள கறுப்பு ஒயரை ஒன்றரை அடிக்கு மிகாமல் வெட்டி, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்க வேண்டும். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு வராது. சீட் பெல்ட் போல்ட் வசதியாகத்தான் இருக்கும். அது உயிர் காக்க வைத்தது, அதைத் தொடாதீர்கள். நம்பாதவர்கள், பாட்டை உரக்க வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முள்ளை ஆம்பின் எர்த் முனையிலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துப் பார்க்கலாம். அங்கே தெரியும் வோல்ட் அத்தனையும் நீங்கள் வழியில் சிந்தியது. ஓர் இடைச்செருகல்: பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் சிவப்பு ஒயரில் ஃப்யூஸ் இல்லாதவர்கள் இக்கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு முதலில் அதைப் போட்டுவிட்டு வரவும். அந்த ஒயர் தகரத்தில் உராய்ந்து தோலுரிந்தால் எரியப்போவது பாட்டு அல்ல, வண்டி.

ஃப்யூஸ் என்றதும் ஆம்ப் வந்த அட்டைப்பெட்டி நினைவுக்கு வருகிறது. பெட்டியில் 2000 வாட் என்று தீப்பிழம்புப் படத்தோடு அச்சிட்டிருக்கும். ஆம்பின் இடுப்பில் சொருகிய ஃப்யூஸ் முப்பது ஆம்பியர். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், உள்ளே போவதே 432 வாட். இதில் ஒரு பங்கு சூடாகப் போய், மிச்சம்தான் ஊஃபருக்கு. பெட்டிக்கும் ஃப்யூஸுக்கும் வழக்கு வந்தால் ஃப்யூஸை நம்புவதே ஆய்வறம். தொண்ணூறுகளில் டேப்ரெக்கார்டர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்ற நான்கெழுத்து நினைவிருக்கும்; அதற்கென ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது என்பதால், எந்த எண்ணையும் யாரும் பொய் என்று நிரூபிக்க முடியவில்லை.

விளக்கு எரியும் மௌனத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். சிவப்பு 'புரொடெக்ட்' விளக்கு எரிந்தால், ஊஃபர் ஒயரை முனையிலிருந்து கழற்றுங்கள். விளக்கு மாறினால் குற்றம் ஆம்பில் இல்லை. ஏதோ ஒரு செப்பு இழை பக்கத்து முனையையோ தகரத்தையோ தொடுகிறது, அல்லது இரட்டைச் சுருள் ஊஃபர்கள் இரண்டையும் இணையாகக் கட்டி, இரண்டு ஓம் தாங்கும் ஆம்புக்கு ஒரு ஓமைக் கொடுத்திருக்கிறீர்கள். நான்கு ஓம் சுருள் மீட்டரில் மூன்றரை காட்டுவது நோயல்ல. அதற்காகக் கடைக்குப் போய் மாற்றித் தரக் கேட்டவர்கள் உண்டு.

முனகல் இயல் இதற்கு நேர்மாறானது. இங்கே பாட்டு வருகிறது, கூடவே 'உய்ங்' என்ற ஒன்றும் வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. 1930-இல் கால்வின் சகோதரர்கள் சிகாகோவில் மோட்டோரோலா கார் ரேடியோவைச் செய்தபோதே எஞ்சின் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது; ஆக நோய்க்கு வயது உண்டு. ஆல்டர்னேட்டர் தருவது மாறுமின்னோட்டம். டையோடுகள் அதை நேராக்கினாலும் முழுக்க வழவழப்பாவதில்லை. மிச்ச அலை, முன்னால் எர்த் ஆன ஸ்டீரியோவுக்கும் பின்னால் எர்த் ஆன ஆம்புக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, பாட்டை ஆம்புக்குக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளின் உறை வழியே நுழைந்துவிடுகிறது. இங்கே அறிஞர் இரு சாரார். கேபிள்வாதிகள் தங்கமுலாம் பூசிய கேபிள் வாங்கச் சொல்வர். ஃபில்டர்வாதிகள் நடுவே ஒரு டப்பா வாங்கச் சொல்வர். இரு சாராரும் வாங்கச் சொல்வதில் ஒன்றுபடுகின்றனர். ஆம்பிலிருந்து ஆர்.சி.ஏ.யைப் பிடுங்கிப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லார். பிடுங்கியதும் 'உய்ங்' நின்றால் அது முன்பக்கத்திலிருந்து வருகிறது. ஸ்டீரியோவின் எர்த்தைப் பாருங்கள், பவர் ஒயரை வண்டியின் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ.யை மறுபக்கமும் கொண்டுபோங்கள். கெயின் திருகை வால்யூம் என்று எண்ணி முழுக்கத் திருப்பி வைத்திருந்தால் அதைக் குறையுங்கள். அது ஸ்டீரியோவின் வோல்ட்டுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு மட்டுமே; ஏற்றினால் முனகலும் சேர்ந்தே ஏறும், அலை வெட்டுப்பட்டுச் சுருளும் கருகும்.

எல்லாம் சரியாக இருந்தும், தவிலின் தொப்பிப் பக்கம் கேட்க வேண்டிய இடத்தில் வலந்தலை மட்டும் கேட்கிறதென்றால், இரண்டு ஊஃபர்களில் ஒன்று தலைமாற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. இரண்டு தாழ்சுரமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் செல்லை எடுத்து முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: பிளஸ்ஸுக்குப் பிளஸ் சரியாக இருந்தால் கோன் வெளியே துள்ளும். காருக்குள் பேஸ் விளைய இடம் போதாது, 40 ஹெர்ட்ஸ் அலைக்கு எட்டரை மீட்டர் நீளம் வேண்டும் என்று இந்நேரம் ஒருவர் சுவரோரமிருந்து விளக்குவார். எட்டரை மீட்டர் உண்மைதான். ஆனால் காதில் மாட்டும் ஹெட்போனுக்கும் பேஸ் வருகிறது. அங்கே அலைக்குக் கிடைத்த இடம் காதின் துளைதான்.

கடைசியாக நடுக்கம். ஊஃபர் நன்றாகவே உதைக்கிறது. 'கடகட' என்று ஓர் ஒலி உடன் வருகிறது. கோன் கிழிந்துவிட்டது என்பார்கள். பாட்டு ஓடும்போதே வண்டியைச் சுற்றி வந்து, நம்பர் பிளேட், டிக்கிக் கதவு, பின்கண்ணாடிக்குக் கீழுள்ள பலகை என ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். நம்பர் பிளேட்டில் நின்றால் பின்னால் ஒரு துண்டு ஃபோம் டேப் போதும். எங்கும் நிற்காவிட்டால் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். காலையிலிருந்து ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லித் தேடிய பத்தாம் நம்பர் ஸ்பானர் அங்கே கிடக்கும்.