பம்பைக் கழற்றும் முன்…

பழைய பிக்கப், ஜீப் வைத்திருப்போருக்கான கேள்வி-பதில். இந்த முறை போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவுகளும்.

கே: காலையில் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது. வண்டிதான் ஸ்டார்ட் ஆகவில்லை. 2004 மாடல் டிஐ பிக்கப். யாரைச் சந்தேகப்படுவது? – ஏல விவசாயி, பூப்பாறை

ப: சந்தேகத்துக்கு முன்னால் சைலன்ஸரைப் பாருங்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பின்னால் நிற்கட்டும். புகையே இல்லையென்றால் நாசலுக்கு டீசல் போகவில்லை. டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரிய மறுக்கிறது: குளிர், கம்ப்ரஷன் குறைவு, டைமிங் கோளாறு, மூன்றில் ஒன்று. கறுப்பாக வந்தால் டீசல் தாராளம், காற்றுக்குத்தான் பஞ்சம். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

கே: புகையே இல்லை. “மைக்கோ பம்ப் போயிருச்சு” என்கிறார் மெக்கானிக். – லோடு வண்டி டிரைவர், போடி

ப: பெங்களூரு மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. பட்டறைகளில் மட்டும் மைக்கோ இன்னும் மைக்கோதான். எல்லாப் பழியும் அதன் தலையில்தான். டேங்கிலிருந்து ஃபீடு பம்ப் டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாகத் தள்ளினால்தான் மெயின் பம்ப் நாசலுக்கு அடிக்க முடியும். வராத டீசலை அது எங்கிருந்து அடிக்கும்?

பம்பைக் கழற்றும் முன் ஒரு பாட்டில் டெஸ்ட் போடுங்கள். சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் வடிகட்டிய டீசல். கேனை பம்பை விட உயரத்தில் கட்டுங்கள். ஃபில்டரிலிருந்து பம்புக்கு வரும் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து வரும் ஹோஸை அங்கே மாட்டி, ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சீராக ஓடினால் பம்ப் நிரபராதி. டேங்கிலிருந்து ஃபில்டர் வரை தேடுங்கள்.

அப்படியும் பிடிக்கவில்லையா? ரோட்டரி பம்ப் என்றால் அதன் மேலுள்ள ஸ்டாப் சாலினாய்டைப் பாருங்கள். சாவி போட்டதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஒயர் கழன்றிருக்கலாம், ஃப்யூஸ் போயிருக்கலாம். இதற்காகப் பம்பை இறக்கி மதுரைக்கு அனுப்பியவர்கள் உண்டு.

கே: சமதளத்தில் நிறுத்தினால் வண்டி சாது. ராத்திரி மேட்டில் மூக்கைத் தூக்கி நிறுத்தினால் காலையில் தகராறு. கீழே ஒரு சொட்டு டீசல் கசிவுகூட இல்லை. – சாந்தன்பாறை வாசகர்

ப: கசிவு இல்லாததுதான் துப்பு. டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் இடையிலுள்ள லைன் உறிஞ்சும் லைன். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வருவதை விட, காற்று உள்ளே போவதே அதிகம். ராத்திரி முழுக்க டீசல் மெல்ல டேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் லைனில் வெறும் காற்று. வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பழைய காப்பர் வாஷர் இவற்றைப் பாருங்கள். காப்பர் வாஷரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடுங்கள். விலை ஒரு டீக்குக்கூடக் காணாது.

ஃபில்டருக்குப் போகும் லைனில் ஒரு அடி கண்ணாடி ஹோஸைத் தற்காலிகமாக மாட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது குமிழி குமிழியாக ஓடினால் வழக்கு முடிந்தது. கால் டேங்க் டீசலோடு செங்குத்தான சரிவில் நிறுத்தினாலும் உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். அதற்கு மெக்கானிக் வேண்டாம், பெட்ரோல் பங்க் போதும்.

கே: போடிமெட்டு ஏறும்போது பாதியில் இழுவை விழுந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பேய் பிசாசா? – ஜீப் டிரைவர், தேவாரம்

ப: 17 கொண்டை ஊசி வளைவுக்கும் ஒவ்வொரு பேய்க்கதை உண்டு, உங்கள் பேய் டேங்க் மூடியில் இருக்கலாம். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உருவாகி, ஃபீடு பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. சத்தம் இல்லையென்றால் அடைத்த ஃபில்டர், அல்லது டேங்கில் மிதக்கும் குப்பை. ஓடும்போது அது உறிஞ்சும் வாயில் ஒட்டும், நின்றதும் விலகும்.

நிற்காமல், உயரம் ஏற ஏறப் புகை மட்டும் கறுத்தால் பயப்படாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு அது மூச்சுத் திணறல்.

கே: தோட்டத்தில் பேரலில் டீசல் வைத்திருக்கிறோம். மழைக்காலம் வந்தால் வண்டி முக்குகிறது. – உடும்பன்சோலை வாசகர்

ப: பேரலுக்குள் தண்ணீர். அது டீசலை விடக் கனம், அடியில்தான் கிடக்கும். ஃபில்டருக்கு அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கோடு போட்டுப் பிரியும். பேரலில் அடிவரை குழாய் விடாதீர்கள், நாலு விரல் மேலேயே நிறுத்துங்கள். பம்புக்குள் தண்ணீர் போனால் துரு. துரு பிடித்தால் அப்போது மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

கே: மண்ணெண்ணெய் கலந்தால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகுமாமே? – ராஜகுமாரி வாசகர்

ப: ஸ்டார்ட் ஆவது சந்தேகம். பம்ப் கடைக்காரர் வீட்டில் மாடி சீக்கிரம் எழும்பும். பம்பின் பிளஞ்சருக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில் அந்தப் பசை போதாது.

கே: அப்பா காலத்து பியூஜோ எஞ்சின் ஜீப். குளிரில் ஏர் கிளீனர் வாயில் ஸ்ப்ரே அடித்தால்தான் எழுகிறது. – போடி வாசகர்

ப: அந்த எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் உண்டு. அது பழுத்திருக்கும்போது ஸ்ப்ரே அடித்தால் உள்ளே வெடிக்கும். பிஸ்டனும் போகலாம், உங்கள் புருவமும் போகலாம். ஒவ்வொரு பிளக்கையும் ஒயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்ப் பிடித்துப் பாருங்கள். எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்தது. நாலில் இரண்டு செத்தாலே காலைக் குளிரில் வண்டி அடம்பிடிக்கும்.

கே: எத்தனை நேரம் செல்ஃப் அடிக்கலாம்? – கல்லூரி மாணவர், போடி

ப: பத்து விநாடி. பிறகு அரை நிமிஷமாவது ஓய்வு. மதுரை ரயிலுக்காக 2011-லிருந்து 2023 ஜூன் வரை காத்திருந்த ஊருக்கு அரை நிமிஷம் பெரிதா? செல்ஃப் சுற்றாமல் ‘டக் டக்’ என்றால் டீசலை மறந்துவிட்டு பேட்டரி டெர்மினலையும் எர்த் ஒயரையும் சுரண்டித் துடையுங்கள்.

கே: மலையில் செல்ஃப் எதற்கு? இறக்கத்தில் உருட்டினால் ஸ்டார்ட் ஆகிவிடுமே! – ஜீப் டிரைவர், போடிமெட்டு

ப: ஆகாவிட்டால்? பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் பெரும்பாலான பழைய டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரோடு சுற்றுவது. எஞ்சின் ஓடாவிட்டால் ஓரிரு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். முன்னால் வளைவு, பின்னால் ஆட்கள். வேண்டாம்.

கே: என்னுடையது காமன் ரெயில் வண்டி. நாசல் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கலாமா? – லோடு வண்டி உரிமையாளர், போடி

ப: தொடவே தொடாதீர்கள். ஸ்டார்ட் ஆகவே ரெயிலில் 200 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். ஓடும்போது ஆயிரத்தைத் தாண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். இதற்கு ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

கே: நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? – பெயர் வெளியிட விரும்பாத பிக்கப்காரர்

ப: முதலில் எங்கே கை வைக்கிறார் என்று பாருங்கள். டேங்க் மூடியில் வைத்தால் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். பம்ப் நட்டில் வைத்தால் டீயை அவருக்கு வாங்கிக் கொடுத்து, “அண்ணே, ஒரு பாட்டில் டெஸ்ட் பாத்துருவோமா?” என்று கேளுங்கள். முறைத்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.